மிஸ்டர் பத்திநாதர் எங்கே?

எங்கள் எம்பி ஒட்டாவா நாடாளுமன்றத்தில் வாயால் கேட்கும் கேள்விகளை நான் பெரிதாக எடுப்பதில்லை. அமைச்சர் எழும்புவார், வேறு எதையோ சொல்வார், கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எழுத்துமூலக் கேள்வி வேறு. அதற்கு நாற்பத்தைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வரவேண்டும். ஆனால் ஒரு எம்பிக்கு ஒரே நேரத்தில் நான்கு கேள்விக்குத்தான் இடம். போன மார்ச்சில் எங்கள் எம்பி மதாமின் மூன்று இடம் ஏற்கெனவே போய்விட்டது. ஒன்று, காலனிக் காலத்தில் அள்ளிக்கொண்டு வந்த பொருட்களை அருங்காட்சியகங்கள் திருப்பிக் கொடுப்பது பற்றி. ஒன்று, வெளிநாட்டு மாணவர்களின் விசா பற்றி. மற்றது ஏதோ துறைமுக விஷயம். மிச்சமிருந்த நான்காவதைப் பத்திநாதர் ஐயாவுக்காக நான் சண்டைபிடித்து வாங்கினேன்.

என் பெயர் நிரோஜா. மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எம்பியின் அலுவலகம். பதினொரு வருடமாக அங்கே வேலை. கடவுச்சீட்டு வரவில்லை, ஸ்பொன்சர் நகரவில்லை, கடிதம் பிரெஞ்சில் வந்திருக்கிறது, என்ன எழுதியிருக்கிறான் என்று சொல்லுங்கோ. இதுதான் என் நாள். முதல் இரண்டு வருடம் ஒவ்வொருவருடைய கதைக்கும் அழுதேன். பிறகு கண்ணீர் வற்றிவிட்டது, கழுத்து நோ மட்டும் மிஞ்சியது.

பத்திநாதர் ஐயாவுக்கு எழுபத்தாறு வயது. செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். அவருடைய மகன் தனோஜன் இருபது வயதில் தனியாக மொன்றியலுக்கு வந்தவன். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்து, கனடியக் குடியுரிமையும் எடுத்தவன். 2008 கடைசியில் தாயையும் தகப்பனையும் கூட்டிவருகிறேன் என்று வன்னிக்குப் போனான். அடுத்த மே மாதம், போர் முடிகிற நாட்களில், மூன்று பேருமாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் இராணுவத்தினர் இளம் ஆட்களைப் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் யாருமில்லை. இங்கே இருக்கும் மகள் துஷாந்தினி ஸ்பொன்சர் செய்து, தாயும் தகப்பனும் 2012இல் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஐயாவுக்குப் பணமோ நட்டஈடோ தேவையில்லை. அவருக்கு வேண்டியது ஒரு சொல்.

"பிள்ளை, கார்த்திகை மாதம் மாதா கோயில்ல செத்தவையின்ரை பெயர் எழுதிக் குடுக்கவேணும். என்ரை மனுசி பிலோமினம்மா அவன்ரை பெயரை எழுத விடமாட்டாள். உயிரோடை இருக்கிறவைக்குக் குடுக்கிற மாதிரிச் சுகத்துக்கு எண்டு பூசை குடுப்பம் எண்டால் அதுக்கும் அழுகிறாள். பதினைஞ்சு வருசமா அவனுக்கு எந்தப் பூசையும் இல்லை. இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒரு அரசாங்கம் எழுதித் தந்தால் போதும். எதையெண்டாலும் தாங்குவன்."

நான் அன்றைக்கு அவருடைய கண்ணைப் பார்க்காமல் படிவத்தை எடுத்தேன். எனக்குத் தெரியும், வெளிவிவகார அமைச்சிலிருந்து வரப்போகும் பதில்: தனிநபர் பற்றிய விபரங்களை வெளியிட முடியாது, கனடா மனித உரிமைகளை முக்கியமாகக் கருதுகிறது. இதே இரண்டு வசனத்தை எத்தனை பேருக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்திருப்பேன்! சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

அந்தச் சலிப்போடுதான் எழுதினேன். பெயர்: பத்திநாதர் தனோஜன். ஊரில் எழுதுகிற மாதிரியே, தகப்பன் முன்னால், பிள்ளை பின்னால். பிறந்த திகதி, குடியுரிமை எடுத்த வருடம், பாலம், பஸ், எல்லாம் எழுதி ஒட்டாவாவுக்கு அனுப்பினேன். அங்கே மதாமின் உதவியாளன், பற்றிக் என்று பெயர், அதைக் கேள்வியாக்குவான். நல்ல பொடியன். சுருக்கி எழுதுவதில் கெட்டிக்காரன் என்று அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு.

அவன் சுருக்கினான். பிறந்த திகதி அந்தரங்கம், எடுத்துவிட்டான். பஸ் விஷயம் குற்றச்சாட்டு மாதிரி இருக்கிறது, விதிப்படி கேள்வியில் குற்றச்சாட்டு வரக்கூடாது, அதையும் எடுத்துவிட்டான். மிஞ்சியது இதுதான்: "2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த, இப்போது கனடியக் குடிமகனாகவுள்ள மிஸ்டர் பத்திநாதர் எங்கே இருக்கிறார் என்பது அரசாங்கத்துக்குத் தெரியுமா?" எனக்கும் ஒரு பிரதி அனுப்பினான். பார்த்துச் சரியென்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், பார்க்கவில்லை. அன்றைக்கு வரவேற்பறையில் பதினாலு பேர் இருந்தார்கள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதில் வந்தது. ஐயா அப்போதுதான் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பதில்களை முன்கூட்டியே வாசிக்கிற பழக்கத்தை நான் விட்டுக் கனகாலம். எல்லாம் ஒரே பதில்தானே. அவரை உட்காரவைத்து, மின்னஞ்சலைத் திறந்து, வசனம் வசனமாகத் தமிழாக்கத் தொடங்கினேன்.

"மிஸ்டர் பத்திநாதர் எங்கே இருக்கிறார் எண்டது அரசாங்கத்துக்குத் தெரியும்."

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே உறைத்தது. ஐயா என் மேசையின் விளிம்பைப் பிடித்தார்.

"உயிரோடையோ?"

கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. வாயும் அதன் பின்னால் ஓடியது. "ஓம் ஐயா. உயிரோடை இருக்கிறார். பாதுகாப்பா இருக்கிறார்."

"எங்கை?"

"மொன்றியல்ல."

அவர் எழும்பிவிட்டார். தொப்பி கீழே விழுந்தது. சட்டைப் பையில் தொலைபேசியைத் தேடுகிறார். "பிலோமினம்மாட்டைச் சொல்லவேணும். இங்கையே இருந்திருக்கிறான், பிள்ளை, இங்கையே! எந்த இடத்தில? எப்ப வந்தவனாம்?"

நான் அப்போதாவது நிறுத்தியிருக்கவேண்டும். பதினொரு வருடத்தில் இப்படி நேரடியான பதில் ஒன்றைக் கண்டதில்லை. அவரைவிட நான் அவசரப்பட்டேன்.

"2012 ஆம் ஆண்டு குடும்ப ஸ்பொன்சரில வந்து..."

தொலைபேசியைத் தேடிய கை பைக்குள்ளேயே நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். என்னைவிட அவருக்குத்தான் முதலில் விளங்கியது.

"பிள்ளை," என்றார் மெதுவாக. "2012இல வந்தது நானெல்லோ."

அமைச்சைக் குறை சொல்ல வழியில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இந்த நாட்டுக்கு அது இல்லாமல் முடியாது. தனோஜன் இங்கே வந்தபோது தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். தகப்பன் வந்தபோது அவருடைய சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். ஆக இரண்டு பேரும் மிஸ்டர் பத்திநாதர். பாலத்தைக் கடந்தவர் அவரும்தான். குடியுரிமை எடுத்தவர் அவரும்தான். பற்றிக் வெட்டி எறிந்ததைத் தவிர மிச்சமெல்லாம் அவருக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

நான் அழுதேன். வற்றிவிட்டது என்று நினைத்தது பொய். அவர் குனிந்து தொப்பியை எடுத்துத் தூசு தட்டினார். என்னை ஒரு சொல் ஏசவில்லை, அதுதான் கொடுமை.

"நல்ல காலம், அவளுக்கு ஃபோன் அடிக்கேல்லை," என்றார்.

அவர் முன்னாலேயே பற்றிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். கோபமாகத்தான் தொடங்கினேன். ஆனால் அவன் அதிர்ந்துபோய் மன்னிப்புக் கேட்டபோது, சரியென்று எழுதியது நான் என்பது நினைவுக்கு வந்து குரல் இறங்கிவிட்டது. திரும்பக் கேட்கலாமா என்றேன். அவன் தயங்கினான். பதில் கிடைத்த கேள்வியை அதே கூட்டத்தொடரில் இரண்டாம் தரம் ஏற்கமாட்டார்கள். வேறு ஆளைப் பற்றிய வேறு கேள்வி என்று கண்டால் மட்டும் ஏற்பார்கள். முதற்பெயரைச் சேர்த்தாலும் உதவாது; பதிவில் இருப்பது மிஸ்டர் பத்திநாதர்தான், அவர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார், அந்தப் பெயரைக் கண்டதும் பழைய பதிலைக் காட்டித் திருப்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் தமிழில் சொன்னேன். ஐயா தலையாட்டிக் கேட்டார்.

"அப்ப என்ரை பெயரை வெட்டிவிடுங்கோ."

"ஐயா, அது தகப்பன்ரை பெயர். அதை எப்பிடி..."

"தகப்பன் ஆரெண்டு எனக்குத் தெரியாதோ?" முதல் தடவையாக அவர் குரல் ஏறியது. பிறகு தணிந்தது. "அவனுக்கு முன்னாலை நான் நிண்டால் அவையளுக்கு என்னைத்தான் தெரியுது. நான் விலத்தி நிக்கிறன். வெட்டுங்கோ, பிள்ளை."

புதுப் படிவத்தைத் திறந்தேன். முதற்பெயர் என்ற பெட்டியில் தனோஜன் என்று அடித்தேன். குடும்பப் பெயர்ப் பெட்டியை வெறுமையாக விட்டால் படிவம் நகரவில்லை, சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நின்றது. இரண்டு தரம் முயன்றேன். வேறு வழியில்லாமல் அங்கேயும் தனோஜன் என்றே அடித்தேன். இந்த முறை பிறந்த திகதியை அடித்து, அதை எடுத்தால் நான் ஒட்டாவாவுக்கே வந்துவிடுவேன் என்று பற்றிக்குக்கு ஒரு குறிப்பும் வைத்தேன். அச்செடுத்து ஐயாவிடம் கொடுத்து, எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கோ என்றேன்.

அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலை வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

"தனோஜன்," என்றார். விரல் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தது. "தனோஜன்!"

இரண்டாவது தரம் குரல் உரத்துவிட்டது. வரவேற்பறையில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒருவர் சட்டென்று எழும்பினார். தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.