கடைக்குத் திரும்பிய கம்ப்யூட்டர்

ஆட்டோவில் மானிட்டர் பெட்டி குமரேசன் மடியில் இருந்தது. சிபியு பெட்டி காலடியில். நடுவில் அவன் அம்மா கன்னியம்மாள். மறு ஓரத்தில் அவன் மனைவி சுகன்யா வெளியே பார்த்தபடி வந்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது லேப்டாப். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சேத்துப்பட்டிலிருந்து கல்யாணமாகி ஆரணிக்கு வந்து ஐந்து மாதம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள், கல்யாணத்துக்கு முன்பே தபால் வழியில் எம்.சி.ஏ. சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலூரில் வகுப்பு. மற்ற நாட்களில் புரோகிராம்களைத் தாளில் எழுதிப் பார்ப்பாள். ஓடுமா ஓடாதா என்று தாள் சொல்லாது.

குமரேசன் சேலை டிசைன் போடுகிறவன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைவான். பட்டுக்கடை முதலாளிகள் இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கேட்கிறார்கள். "எனக்கு வேலைக்கு ஆச்சு, உனக்குப் படிப்புக்கு ஆச்சு" என்றுதான் அவன் வாங்கக் கிளம்பினான்.

சற்று முன்பு கடையில், கடைக்காரர் தனசேகரன் டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டையும் காட்டினார். கன்னியம்மாள் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, தோசைக்கல்லு மாதிரி. ஒண்ணு வாங்கினா வூட்ல ஒரு பொருளா நிக்க வேணாமா?"

"வேலைக்கு டெஸ்க்டாப்தாம்மா. ஸ்கிரீன் பெரிசு. எது கெட்டாலும் கழட்டி மாத்திடலாம்" என்றார் தனசேகரன்.

குமரேசன் திரும்பி, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டான்.

"உங்க இஷ்டங்க" என்றாள்.

டெஸ்க்டாப் என்றால் அது கூடத்து மேசைக்குத்தான் போகும். கூடத்தில் தறி. விடிந்ததிலிருந்து விளக்கு அணைக்கும்வரை யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அத்தனை பேர் கண்ணில் படும்படி உட்கார்ந்து அவளால் ஒரு வரி அடிக்க முடியாது. அந்த நாற்காலியில் தான் உட்காரப் போவதில்லை என்பது அவளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. யாரும் நிறுத்தாமலே படிப்பு நின்றுபோகும்.

தெருமுனையில் ஆட்டோ நின்றது. தெருவின் நீளத்துக்கும் தறிக்குப் போகும் பாவு கட்டியிருந்தது. வெங்காயச் சருகு நிறத்தில் பட்டிழைகள் இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றன. அதே தெரு நெசவாளர் சுப்பராயலு குனிந்து அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார்.

"ஏம்பா, பொழுது சாயறப்போ பாவு போடுவாங்களா?" என்றாள் கன்னியம்மாள்.

"காலையில தூறிச்சேக்கா. இப்பதான் கஞ்சி போட்டேன். காயற வரைக்கும் பொறுத்துக்க."

விரித்த பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். சுவரோரமாக ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். பெட்டியோடு போக முடியாது.

"நான் போயி ஆரத்தி கரைச்சு வைக்கறேன். பெட்டிய பத்திரமா பாத்துகினு இருங்க" என்று கன்னியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு சுவரோரம் நடந்தாள். ஆட்டோக்காரர் பச்சையப்பன் டீக்குப் போனார்.

இருவரும் ஆட்டோவிலேயே இருந்தார்கள். வீட்டில் பேச்சுச் சத்தத்துக்கும் தறிச் சத்தத்துக்கும் நடுவே இப்படித் தனியாக உட்கார்ந்ததே இல்லை.

"உனக்கு சந்தோஷம்தானே?" என்றான் குமரேசன்.

"ம்."

"இந்த 'ம்'முக்கு இன்னா அர்த்தம்னு அஞ்சு மாசமா பாத்துகினு இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கூடத்துல ஆளுங்க வருவாங்க."

"வந்தா?"

"நான் உக்கார மாட்டேங்க. புரோகிராம் முதல்ல தப்பாத்தான் வரும். யாராவது பாத்துகினு இருந்தா எனக்குக் கையே ஓடாது."

அவன் மானிட்டர் பெட்டியைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"முதலாளி பக்கத்துல வந்து நின்னா நானும் கட்டத்த தப்பா எண்ணுவேன்" என்றான். "அப்போ லேப்டாப் வேணும்னு இருந்தியா? ஆனா என் வேலைக்கு அது சின்னதா இருக்குமே."

"இந்த மானிட்டரையே லேப்டாப்ல மாட்டலாங்க. பின்னாடி அதுக்கு இடம் இருக்கும். பகல்ல நீங்க பெரிசா பாத்து வரைங்க. வேலை முடிஞ்சதும் கழட்டி நான் உள்ள எடுத்துகினு போயிடறேன்."

அவன் அவளை முழுசாகத் திரும்பிப் பார்த்தான். "இது உனக்கு எப்ப தெரியும்?"

"போன மாசமே. வேலூர்ல சாரு லேப்டாப்ப அப்படித்தான் மாட்டிப் பாடம் நடத்துவாரு."

"கடையில வாயத் தொறந்திருக்கலாமே."

"அத்தைக்குப் பெரிய பெட்டி புடிச்சிருந்துது."

அவன் சிரிக்கத் தொடங்கியபோது கன்னியம்மாள் சுவரோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடா சிரிப்பு? பாவு இன்னும் காயல."

"இவளுக்கு லேப்டாப்தான் வேணுமாம்மா."

கன்னியம்மாள் மருமகளைப் பார்த்தாள். "நெஜமாவா?"

சுகன்யா தலையசைத்தாள்.

"தலைய ஆட்டாத. வாயால சொல்லு."

"படிக்கணும் அத்தை" என்றாள் சுகன்யா. "உள்ள ரூம்ல உக்காந்து படிக்கணும். கூடத்துல எனக்கு வராது."

கன்னியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆரத்தியே கரைச்சிட்டேன்" என்றாள். பிறகு டீக்கடைப் பக்கம் குரல் கொடுத்தாள். "பச்சையப்பா, வண்டிய திருப்பு. ஜல்தி. தனசேகரன் கடைய சாத்திடப் போறான்."

"நீ எதுக்கும்மா அலையற? நாங்க போயி மாத்திகினு வரோம்."

"நீங்க ரெண்டு பேரும் போனா, அவன் ஒரு மவுசக் குடுத்து அனுப்பிடுவான். நகருடா."

மானிட்டரை லேப்டாப்பில் மாட்டும் யோசனையைக் குமரேசன் வழியில் அம்மாவிடம் சொன்னான். கடையில் தனசேகரன் பெட்டிகளைப் பார்த்துவிட்டு எழுந்தார். "இன்னாம்மா, அடிகிடி பட்டுச்சா?"

"ஒண்ணும் படல. இந்த டிவி மாதிரி இருக்கறது எங்ககிட்டயே இருக்கட்டும். மத்ததெல்லாம் எடுத்துக்கோ. அந்த தோசைக்கல்லக் குடு."

"பில்லு போட்டாச்சேம்மா."

"போட்டா இன்னா? வேற போடு. பெட்டிய பிரிக்கக்கூட இல்ல."

தனசேகரன் பெருமூச்சு விட்டார். "சரி. மூணு மாடல் இருக்குது. எது?"

"என்னக் கேட்டா? படிக்கறது அவ. அவளக் கேளு."

மூன்று பேரும் சுகன்யாவைப் பார்த்தார்கள்.

"பின்னாடி... மானிட்டர் மாட்டற மாதிரி இருக்கறது" என்றாள்.

மேலே மின்விசிறி கடகடத்தது. "இன்னாம்மா?" என்று தனசேகரன் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

சுகன்யா மறுபடியும் சொன்னாள், உரக்க. அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து கறுப்பு லேப்டாப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அதைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கரண்ட் போனா எவ்ளோ நேரம் ஓடும்ங்க?" என்று அவளாகவே கேட்டாள்.