உலைக்குப் பக்கத்தில் ஒரு குழாய்

வெந்த காயத்தில் அப்பிய பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கிற கொடுமை இருக்கிறதே, அதைப் பகையாளிக்கும் செய்யக்கூடாது. பேஸ்ட்டோடு தோலும் சேர்ந்து வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு எதிரே இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில், நர்ஸ் மெர்சி அன்றைக்குக் காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த இரும்பாலைக்காரன் அலறினான். அவளும் சளைக்காமல் அலறினாள்.

"எந்தப் பேமானிடா இத்த பூச சொன்னான்? வெந்தா தண்ணி ஊத்தணும்யா, தண்ணி! ஓடுற தண்ணியில இருவது நிமிஷம் காட்டணும். இதுகூடவா தெரியாது?"

உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் காயம் இத்தனை ஆழம் போயிருக்காது. ஆராய்ச்சிகள் அதைத்தான் சொல்கின்றன, அதில் இரண்டு பேச்சே கிடையாது. ஆனாலும் அந்த ஆலையிலிருந்து வந்த ஒரு கைகூட நனைந்து வந்ததில்லை. கிரீஸ், மை, பேஸ்ட் என்று கண்ட கண்றாவியையும் பூசிக்கொண்டுதான் வந்தார்கள்.

இதை மாற்றத்தான் டாக்டர் ஸ்ரேயா மீட்டிங் போட்டார். திருவள்ளூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். போர்டில் இரண்டு வரி எழுதினார். 'தெரியாததால் செய்யவில்லை.' 'தெரிந்தாலும் ஏதோ தடுக்கிறது.'

"ரெண்டும் ரெண்டு தியரி. முதலாவது சரின்னா பாடம் நடத்தினா போதும். ரெண்டாவது சரின்னா எவ்வளவு நடத்தினாலும் பிரயோஜனம் இல்லை. ஆலைக்குள்ள போய்ப் பார்க்கணும், அவங்ககிட்ட கேக்கணும், எது தடுக்குதோ அதை எடுக்கணும். தப்பான தியரியைப் பிடிச்சோம்னா வயித்துவலிக்காரன் கண்ணுல சொட்டு மருந்து விட்ட மாதிரிதான்."

"தியரியாவது கியரியாவது!" என்று மெர்சி எழுந்துவிட்டாள். "இன்னா மேடம் தடுக்கும்? என் தம்பி சாம்சனே அங்க இரும்பு உருக்குற பர்னஸ்லதான் வேல செய்றான். அவனுக்கே இது தெரியாது. நம்ப ஆளுங்கள எனுக்குத் தெரியாதா? அதட்டி சொன்னா செய்வாங்க."

"அவங்களுக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மெர்சி?"

நல்ல கேள்விதான். யார் காதில் விழுந்தது? பாடம் நடத்துவது ஒரு மத்தியானத்து வேலை, ஆலைக்குள் போய் விசாரிப்பதென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். ஆஸ்பத்திரி நிர்வாகம் மெர்சி பக்கம் சாய்ந்தது.

ஆலை கேன்டீனில் மெர்சி பாடம் நடத்திய அழகைப் பார்த்திருக்க வேண்டும். "வெந்தா இன்னா ஊத்துவே?" என்று கத்துவாள். "தண்ணி!" என்று கூரை அதிரும். "எவ்ளோ நேரம்?" "இருவது நிமிஷம்!" சாம்சனின் கூட்டாளி வரதன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னான். அக்காவின் கெத்தைப் பார்த்து சாம்சன் பல்லை இளித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் இருந்த பர்னஸ் போர்மேன் அரசப்பன் மட்டும் கை தூக்கினார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்..."

"டவுட்டெல்லாம் அப்புறம்ணே. கைய கீழ போட்டு உக்காரு. மொதல்ல சொன்னத செய்யி."

கேன்டீனே சிரித்தது. மனிதர் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வைத்த பரீட்சையில் எல்லோரும் பாஸ்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், ஆலை வேன் வந்து கேஷுவாலிட்டி வாசல் தூணில் மோதி நின்றது. கதவைத் திறந்தால் சாம்சன். வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை கருகி, சட்டைத்துணி சதையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. "அக்கா, எரியுதுக்கா, வெட்டிப்போட்ருக்கா" என்று கதறினான். மெர்சி அவனை இழுத்துப்போய்க் குழாயைத் திருகி, கையை அடியில் பிடித்தாள். இப்போதும் ஊற்றலாம், கொஞ்சமாவது கேட்கும்.

அவனுக்குப் பின்னாலேயே வரதன் வந்தான். மண்டையிலிருந்து ரத்தம் வழிய, இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது.

"ஏன்டா தண்ணி ஊத்தல? அன்னிக்கி வாய் கிழிய கத்துனியேடா!"

"ஊத்ததான் போனேன் சிஸ்டர்! ஓஸ தூக்கினு ஓடியாந்தேன். அரசப்பன் கம்பியால கையில போட்டான். அப்பவும் நான் ஓஸ உடல. மண்டையில போட்டான்."

அந்த நேரம் பார்த்தா அரசப்பன் உள்ளே வர வேண்டும்! வேனில் கூடவே வந்த வரதனின் பங்காளிகள் வாசலிலேயே அவரை அமுக்கினார்கள். ஒருவன் கழுத்தைப் பிடித்தான், இன்னொருவன் பெஞ்சைத் தூக்கி முதுகில் இறக்கினான். கண்ணாடிக் கதவு நொறுங்கி அவர் மேலேயே கொட்டியது. கீழே விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள்.

மெர்சி தம்பியின் கையைப் பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸ் சுமலதாவிடம் பிடிக்கக் கொடுத்தாள். சண்டையை விலக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ ஊசி மருந்து வைக்கிற ஸ்டீல் தட்டை எடுத்துக்கொண்டு போய், அரசப்பனின் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கிலேயே அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆத்திரம் அடங்கவில்லை. இன்னொரு அடி வாயில் விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது டாக்டர் ஸ்ரேயா பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி வெந்துக்கினு கெடக்குறான், தண்ணி ஊத்த வந்தவன அடிப்பியா? நீயெல்லாம் மனுசனாய்யா?"

அரசப்பன் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார்.

"தொட்டி கவுந்து உருகின இரும்பு ஓடிக்கினு இருக்குது சிஸ்டர். நடுவுல உன் தம்பி. அதுல ஒரு வாளி தண்ணி பட்டா கொட்டாயே வெடிக்கும். ஸ்டீபனுன்னு ஒருத்தன் இருந்தான். அப்டி வெடிச்சதுல அவன பக்கெட்டுலதான் அள்ளிக் குடுத்தோம். அந்த ஓஸு தொறந்திருந்தா சாம்சனும் இல்ல, வரதனும் இல்ல, நானும் இல்ல."

"வெளிய இட்டாந்து ஊத்தி இருக்கலாமேய்யா!"

"நான்தான் இழுத்தாந்தேன்." இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். தோல் உரிந்து, சிவப்பாகக் கொப்புளித்து, காய்ந்து கிடந்தன. "வெளிய எங்க பைப்பு கீது? இருக்குற ஒரு பைப்பும் பர்னஸ் காலடியிலதான். கேட்டாண்ட தண்ணித் தொட்டி காஞ்சி எத்தினி நாளாவுது! வெளிய ஒரு பைப்பு போட சொல்லு சிஸ்டர்னு கேக்கதான் அன்னிக்கி கை தூக்குனேன். நீதான் கீழ போட சொன்ன."

வரதனின் பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டு மெர்சியின் கையிலேயே இருந்தது, விளிம்பில் ரத்தம். கேன்டீன் சிரித்த சிரிப்பு அவள் காதுக்குள் கேட்டது. பாழாய்ப்போன அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

டாக்டர் சாம்சனின் கையைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மெர்சிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "ரெண்டு விரல் போயிடும் மெர்சி. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

மெர்சி தட்டைக் கீழே வைத்தாள். அரசப்பனின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்துக் குழாய்க்கு நடத்திப்போய், தண்ணீரைத் திறந்து, இரண்டு கைகளையும் அதன் கீழே ஏந்திப் பிடித்துக்கொண்டாள். அவர் மூக்கிலிருந்து ரத்தம் தொட்டிக்குள் சொட்டியது. அந்தப் பக்கத்தில் தம்பி முனகிக்கொண்டிருந்தான்.

"சொல்லுண்ணே," என்றாள், அழுகையை அடக்க முடியாமல். "வேற இன்னா இன்னா தடுக்குது? எல்லாத்தையும் சொல்லு, கேக்குறேன்."