எவ்வளவு காலம் என்று எழுதவில்லை

ஏரம்பு மாஸ்ரரின் சவப்பெட்டியருகே நின்று கதிர்காமநாதன் இரங்கலுரை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் படலையைத் திறந்துகொண்டு பிரதாபன் வந்தான். மாஸ்ரரின் மகள் கஜனி எழுந்து போகவில்லை. அண்ணன் இந்த ஸ்கந்தபுரத்து வீட்டுப் பக்கம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"எங்கள் ஆசான் தன் கொள்கையிலிருந்து இறுதிவரை விலகவில்லை," என்றார் கதிர்காமநாதன். மாஸ்ரரின் முதல் மாணவர் அவர்.

கொள்கை ஊரறிந்தது. நாற்பது வருடம் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தவர் மாஸ்ரர். நெல்லின் விலையைக் கந்தோரில் இருக்கிற அதிகாரி தீர்மானிக்கக்கூடாது, விளைவித்தவனும் வாங்குகிறவனும் பேசித் தீர்க்கட்டும் என்பார். பிரதாபனுக்கும் அது பிடித்திருந்தது, நாடு கடனடைக்க முடியாமல் வங்குரோத்தாகும்வரை. அந்த வருடம் கொழும்பில் வீதிக்கு இறங்கியவர்களோடு அவனும் நின்றான். பொலிஸார் அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து மாதம் சிறைக்குள் இருந்தான். அப்போதுதான் தகப்பனின் கட்டுரை பத்திரிகையில் வந்தது. பொருளாதாரம் நிமிரத் தற்காலிகமாக அரசுக்கு ஒரு இறுக்கமான கை தேவை. சந்தை திறந்தால் மற்றச் சுதந்திரங்கள் பின்னால் வரும் என்று எழுதியிருந்தார்.

வெளியே வந்தவன் முற்றத்தில் நின்றபடியே கேட்டான்: "நெல்லுக்குக் கேக்கிற சுதந்திரத்தை மனுசருக்குக் கேக்கமாட்டியளோ, அப்பா?"

அவன் வீட்டுக்குள் வராமலே திரும்பிப் போனான்.

இப்போது இரங்கலுரை முடிந்ததும் பிரதாபன் கிணற்றடிக்கு வந்து, அங்கே நின்ற தங்கச்சியிடம் மெல்லக் கேட்டான்.

"கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

ஓம் என்று சொல்லிவிடலாம். கஜனிக்கு வாய் வரவில்லை.

"இல்லை அண்ணா. நேற்றுக் காலமை அந்தக் கட்டுரையை வாசிக்கச் சொன்னவர். 'தற்காலிகமாக' எண்ட இடத்திலை நிப்பாட்டச் சொன்னவர்."

"ஏனாம்?"

"'எவ்வளவு காலம் எண்டு நான் எழுதேல்லைப் பிள்ளை' எண்டவர். பிறகு கதைக்கேல்லை. மத்தியானம் போயிட்டார்."

பிரதாபன் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தான். கொள்ளி வைக்கும் மகனுக்கு முடி இறக்க வந்தவர் கத்தியைத் தீட்டினார்.

"முழுசா எடுக்கட்டோ, தம்பி?"

"ஓம். எடுங்கோ."

மயிர் கற்றை கற்றையாக விழுந்தது. வலக் காதுக்குப் பின்னாலிருந்து பிடரிவரை தையல் போட்ட நீளத் தழும்பு ஒன்று வெளியே வந்தது. கஜனிக்கு அதைப்பற்றி ஒருவரும் சொன்னதில்லை. தழும்புக்குக் கிட்ட வந்ததும் கத்தி நின்றது.

"நோகாது. எடுங்கோ," என்றான் பிரதாபன்.

கத்தி தழும்பின் ஓரமாக, மிக மெதுவாக இறங்கியது.