இரண்டாவது சுருளில் வந்த ஆடு

பேய்க்கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். பதினோரு புத்தகம் ஆயிற்று. எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு நூற்று நாற்பது பேரைக் கொன்றிருப்பேன். ஆனால் என் உயிர் இருப்பது சினிமாவில். வானத்திலிருந்து எதுவாவது விழ வேண்டும், சதுப்பிலிருந்து எதுவாவது ஏறி வர வேண்டும், நான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். முதுகில் ஜிப் தெரிகிற ராட்சசன் வந்தாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆளையும் சேர்த்தே எனக்குப் பிடிக்கும்.

ஆனால் தனியாக உட்கார்ந்து பயப்படுவதில் என்ன சுகம்? பக்கத்தில் ஒருத்தர் வீல் என்று கத்த வேண்டும், பின்னால் ஒருத்தர் கெக்கெக்கே என்று சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் வாரிங்காவில் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊர் மண்டபத்தில் படம் போட ஆரம்பித்தேன். கோதுமையையும் ஆட்டையும் விட்டால் வேறொன்றும் இல்லாத ஊர். அடுத்த தியேட்டருக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஆறு வருஷம் நன்றாகத்தான் நடந்தது. அதற்குத்தான் ஹில்டா உலை வைத்தாள்.

ஹில்டா ஷிர்மர் மண்டபக் கமிட்டித் தலைவி, ஆட்டுப் பண்ணைக்காரி. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அந்த மத்தியானத்தைக் கம்பளத்தில் பந்து உருட்டும் ஆட்டத்துக்குக் கேட்டாள். அதையாவது நேராகக் கேட்டாளா? என் படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தூங்குவதில்லையாம், பாவமாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கமிட்டியில் அவளையும் சேர்த்து ஏழு பேர். அதில் நாலு பேர் பந்து கட்சி என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மண்டபத்தில் ஒரு விதி உண்டு. கண்ணால் பார்க்காத காரியத்துக்கு யாரும் கை தூக்கக்கூடாது. கூரைத் தகரம் மாற்றுவதென்றாலும் ஏழு பேரும் ஏணியில் ஏறிப் பார்த்த பிறகுதான் ஓட்டு. அதனால் அந்தச் சனிக்கிழமை ஏழு பேரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். படம் முடிந்ததும் டீ, டீயோடு ஓட்டு. ஹில்டா பின்னல் ஊசியும் நூலுமாக வந்திருந்தாள், பொழுது போகாவிட்டால் என்ன செய்வது என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் சுருள் ஓடியது. நட்சத்திரத்திலிருந்து ஒரு கல் மலையடிவாரத்தில் விழுந்தது, வெடித்தது, அதிலிருந்து நூல் மாதிரி எதுவோ நெளிந்து புல்லுக்குள் போனது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஹில்டா ஒரு வரிசை பின்னி முடித்திருந்தாள்.

விளக்குப் போட்டுச் சுருள் மாற்றினார் ரெக்ஸ். படம் ஓட்டுவதெல்லாம் அவர்தான். எங்கள் படமும், செவ்வாய்க்கிழமைப் பண்ணைக்காரர் கூட்டத்துக்கு விவசாய இலாகா அனுப்பும் படமும் ஒரே ரயிலில்தான் வரும். இரண்டையும் அவர் தன் வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு எடுத்து வருவார். அன்றைக்கு டப்பா மாறிவிட்டது.

இரண்டாவது சுருளில் ஒரு புல்வெளி. ஆடுகள் மேய்கின்றன. தொப்பி போட்ட ஓர் ஆள் நிதானமான குரலில் பேசுகிறார். முதலில் ஒன்றுமே தெரியாதாம். கூட்டத்தை விட்டு ஓர் ஆடு மட்டும் விலகி நிற்குமாம். காலை உதைக்குமாம், திரும்பித் திரும்பித் தன் முதுகையே பார்க்குமாம்.

இரண்டு நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. ஈ மொய்த்து ஆட்டில் புழு வைப்பதைப் பற்றிய பாடம் இது. திரும்பிப் பார்த்தேன். ரெக்ஸ் பேயறைந்தவர் மாதிரி நின்று, நிறுத்தட்டுமா என்று கையைக் காட்டினார். ஆயிற்று, என் சனிக்கிழமை போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் மண்டபம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கவனித்தேன். நூறு பேர், மூச்சுச் சத்தம் இல்லை. வேண்டாம் என்று தலையசைத்தேன்.

திரையில் ஒரு பெண்ணின் கை ஆட்டின் பின்னங்காலை அழுத்திப் பிடித்தது. கத்தரி ரோமத்தை மெல்ல விலக்கியது. உள்ளே, தோல் முழுக்க, அது கொதித்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் புழுவை விரலால் வழித்துப் போட்ட ஜனங்கள் ஐயோ என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கல்லிலிருந்து நெளிந்து வந்தது இப்போது அவரவர் பட்டிக்குள் புகுந்துவிட்டதே. நானும் காலை மேலே இழுத்துக்கொண்டேன். எத்தனை வருஷமாயிற்று நான் இப்படிப் பயந்து. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹில்டாவின் ஊசி கீழே கிடந்தது. என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

கடைசியில் தொப்பிக்காரர் நேராக எங்களைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் மந்தையிலும் இது இருக்கலாம். இன்றே போய்த் தேடுங்கள்."

பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து வெளியே ஓடியே போய்விட்டார்.

மூன்றாவது சுருளில் நட்சத்திரப் பிசாசு செத்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. டீ ஊற்றினார்கள். ஹில்டா ஓட்டெடுக்க எழுந்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் களவாண்டு ஜெயித்த சனிக்கிழமையில் நான் எந்த முகத்தோடு படம் போடுவது? எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். நடுவில் வந்தது நம் படமே இல்லை, விவசாய இலாகா படம், தெரிந்துதான் ஓடவிட்டேன் என்றேன். பந்து கட்சிக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹில்டா டீயை ஒரு வாய் குடித்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்? அந்தத் தொப்பிக்காரன் என் கொழுந்தன். ஆடு எங்க ஆடு. காலைப் பிடிச்ச கை இருக்கே, அது இந்தக் கைதான்."

கோப்பையை வைத்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினாள்.

"பத்து வருஷம் முன்னாடி எங்க பட்டியில எடுத்தாங்க. அன்னைக்கு அந்தப் புழுவை வழிச்சுப் போட்டுட்டுக் கையைக் கழுவி, நேராப் போய்ச் சோறு தின்னேன். இன்னைக்கு அதே கையைப் பார்த்து எனக்குக் குலை நடுங்கிப் போச்சு, தெல்மா. என்னடி பண்ணின நீ?"

"நான் ஒண்ணும் பண்ணல," என்றேன். "முன்னாடி ஒரு கல்லை விழ வெச்சேன், அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். ஹில்டா பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு கமிட்டியைப் பார்த்து, படம் தொடர வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாள். சொல்லிவிட்டு, அந்தக் கையைத்தான் முதலில் தூக்கினாள்.