பட்டாணி சொல்வதே தீர்ப்பு

இயற்கையோடு ஒன்றிப்போக இவ்வளவு சாமான் வேண்டும் என்று இயற்கைக்கே தெரிந்திருக்காது. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பயிற்சி அதிகாரி காரின் பின்கதவைத் தூக்கிவைத்துக்கொண்டு அடுக்க ஆரம்பித்தார். கொசு வராமலிருக்கப் பூசும் தைலம், வந்துவிட்டால் அடிக்க மட்டை, அடிப்பதற்குள் கடித்துவிட்டால் தடவக் களிம்பு, கேன் தண்ணீர், தொப்பிகள், வெறுங்காலோடு மண்ணில் நடந்து முடித்த கையோடு காலைத் துடைக்க ஈரக் காகிதம்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. எவ்வளவு அழுத்திக் கைகுலுக்குவது, எத்தனை பல் தெரியச் சிரிப்பது, கதவைச் சாத்தப்போகிற ஆளிடம் 'ஒரே ஒரு நிமிஷம்' என்று எப்படி ஆரம்பிப்பது என்றெல்லாம் புது முகவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். எதையும் மூன்றாகப் பிரித்துச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூட அதற்கு மூன்று காரணம் இருக்கும்.

மனைவி பல் மருத்துவர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதால் வீட்டில் அதிகம் வாய் திறக்கமாட்டார். திறந்தால் ஊசி போட்ட மாதிரி இருக்கும்.

இவர்களின் ஒரே மகள் பட்டாணி. வயது நான்கு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

போன வருஷம் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் 'திரை இல்லாத குழந்தைப் பருவம்' என்று பயிற்சி அதிகாரி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கைதட்டல் அடங்குவதற்குள் கிராமத்தில் ஒரு வீட்டை வருஷ வாடகைக்குப் பிடித்தார். டவுன் வீட்டிலிருந்த டிவியை யாருக்கோ கொடுத்தார். நிறுவனத்தின் பத்திரிகை அவர் பேச்சைப் படத்தோடு வெளியிட்டது. பட்டாணி கையில் மண்புழு என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். அது கயிற்றுத் துண்டு. மண்புழுவைத் தொடத் தந்தையே தயாராக இல்லாதபோது மகளை மட்டும் என்ன சொல்வது?

மேடையில் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. வார நாட்களில் அவர் கிளம்பும்போது பட்டாணி தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். மகளின் முகத்தை அவர் பெரும்பாலும் மூடிய கண்களோடுதான் அறிந்திருந்தார். இந்தச் சனி, ஞாயிறும் கைநழுவிப் போனால், அவ்வப்போது வீட்டில் தென்படுகிற ஒரு நல்ல மனிதர் என்ற அளவோடு தன் கணக்கு முடிந்துவிடும் என்று உள்ளூர ஒரு கிலி.

அந்தக் கிலியின் மேலேயே பல் மருத்துவர் கருவியை வைத்தார். கார் ஊர் எல்லையைத் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"கிராமத்து வீட்டுக்காரர் நாளைக்குச் சாயங்காலம் வர்றாரு. அடுத்த வருஷத்துக்கு வீடு வேணுமா வேணாமான்னு சொல்லியாகணும்."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? மூணு காரணத்துக்காக நாம—"

"மூணும் வேணாம். பட்டாணியக் கேப்போம். அவ வேணும்னா வேணும். வேணாம்னா சாவியக் குடுத்துட்டு, சனிக்கிழமையானா மனுஷங்க மாதிரி வீட்டுல கெடப்போம்."

"நாலு வயசுக் கொழந்தையையா கேக்கறது?"

"கஸ்டமர் சொல்றதக் காது குடுத்துக் கேளுங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்கல்ல? இவதான் கஸ்டமர். ஒண்ணே ஒண்ணு, நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது."

சொந்தப் பாடமே வந்து சட்டைக் காலரைப் பிடித்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? பயிற்சி அதிகாரி தலையாட்டினார். பின் இருக்கையில் நீதிபதி ஜன்னல் கண்ணாடியை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிராமத்து வீட்டில் இரண்டு அறை, ஒரு கிணறு, பின்பக்கம் ஒரு கொய்யா மரம். போய் இறங்கியதும் நிகழ்ச்சிகள் தொடங்கிவிட்டன. முதலில் பறவை ஒலி கேட்டல். அப்பாவும் மகளும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பறவைகளுக்குத் தகவல் போகவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஒரு காக்கா வந்தது.

"அப்பா, காக்கா நம்ம வீட்டுலயும் இருக்கே."

"அது டவுன் காக்கா கண்ணு. இது கிராமத்துக் காக்கா. கவனிச்சுப் பாரு, எவ்வளவு நிம்மதியாக் கத்துது."

பட்டாணி கவனித்துப் பார்த்தாள். "அதே மாதிரிதான் கத்துது."

அடுத்தது பசுவுடன் அறிமுகம். பக்கத்துக் காலி மனையில் ஒரு பசு கட்டியிருந்தது. பசு நமது தோழி, அதன் கண்ணில் அன்பு இருக்கிறது, அதை நெருங்கிப் பழக வேண்டும் என்று பயிற்சி அதிகாரி உருக்கமாக விளக்கினார். பசு தலையை இப்படித் திருப்பியது. அவர் பேச்சை நிறுத்தாமலே கேட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

"தோழின்னியே, அப்புறம் ஏன் கேட்டச் சாத்தற?"

"அதுக்கும் தனிமை வேணும்ல?"

மத்தியானம் மௌன நேரம். ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்ட பிறகு கொய்யா மரத்தடியில் படுத்துக் கண்ணை மூடி இலைகளின் ஓசையைக் கேட்க வேண்டும். எல்லா நிகழ்ச்சிகளிலும் பயிற்சி அதிகாரி முழு மனதோடு ஈடுபட்டது இதில்தான். கண்ணை மூடியவர் இலைகளுக்குச் சரிசமமாக ஓசை எழுப்பினார்.

விழித்தபோது பக்கத்தில் பட்டாணி இல்லை. அவளுடைய தொப்பி மட்டும் பாயில் கிடந்தது.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பல் மருத்துவர் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வாய் வரவில்லை. "பட்டாணி" என்று கிசுகிசுத்தபடியே வீட்டைச் சுற்றினார். காணாமல்போன குழந்தையைக் கிசுகிசுத்துத் தேடிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். கிணற்றை எட்டிப் பார்த்தார். கிணறு அவர் முகத்தையே திருப்பிக் காட்டியது. அந்த முகத்தில் எந்தப் பயிற்சியும் இல்லை. காலில் செருப்பு இல்லை என்பதே தெரியாமல் முள்ளிலும் கல்லிலும் ஓடினார். மண்ணோடு அவர் பாதம் உண்மையில் பழகியது அந்தச் சில நிமிஷங்களில்தான்.

அடுத்த வீட்டிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பட்டாணியின் சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக வெளியே வருகிற சிரிப்பு. பறவைக்கும் பசுவுக்கும் ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அது ஒரு தையற்காரம்மாவின் வீடு. பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே துணித் துண்டுகளைக் குவித்து அதன்மேல் மகாராணி மாதிரி பட்டாணி உட்கார்ந்திருந்தாள். எதிரே டிவி. அதில் தொப்பி போட்ட நீலக் கரடி ஒன்று ரயில் ஓட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க சார்," என்றார் தையற்காரம்மா, மிஷினை நிறுத்தாமலே. "இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"இவ... எப்போ வந்தா?"

"எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான். அப்பா தூங்கிட்டாரு அத்தைன்னு சொல்லிக்கிட்டே வரும். வாரா வாரம் வருதே! நீங்கதான் அனுப்பறீங்கன்னு நெனச்சேன்."

வாரா வாரம்! மேடை, கைதட்டல், பத்திரிகை எல்லாம் பயிற்சி அதிகாரியின் முன் வரிசையாக வந்து முறைத்துவிட்டுப் போயின. கொள்கை உள்ள மனிதர் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். அவரும் ஓர் அடி எடுத்து வைத்தார். ஆனால் இப்போது தூக்கினால் கத்துவாள். நாளைச் சாயங்காலம் கேட்டால் வேண்டாம் என்பாள். சாவி போய்விடும்.

எடுத்த அடியை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"நகந்துக்கப்பா, மறைக்குது," என்றாள் பட்டாணி. அப்புறம் மனம் இளகி, தன் துணிக்குவியலில் கொஞ்சம் இடம் விட்டாள்.

வெறுமனே மேற்பார்வைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்ற பாவனையில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. டிவியில் ரயில் குகைக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் நின்னுருச்சு?" குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம்.

"உள்ள வௌவால் குடும்பம் தூங்குது. சத்தம் போட்டா பாப்பா வௌவால் அழுவும்."

"அப்ப கரடி என்ன பண்ணும்?"

"தள்ளிக்கிட்டுப் போகும். பாரேன்."

கரடி இறங்கி ரயிலைத் தள்ளியது. பட்டாணி ஒவ்வொன்றாக விளக்கினாள். யார் நல்லவர், யார் திருட்டு நரி, எந்தப் பாலம் உடையும் என்று பொறுமையாகச் சொன்னாள். புரிந்ததா என்று திருப்பிக் கேட்டு மானத்தை வாங்கவில்லை. பாலம் உடைகிற இடத்தில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உடைந்து முடிந்த பிறகும் விடவில்லை. பயிற்சி அதிகாரி கை மரத்துப்போயும் அசையாமல் இருந்தார். தையற்காரம்மா போகிற போக்கில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, "சும்மா இருக்கற கையால அந்த நூலையெல்லாம் வெட்டிக் குடுங்க சார்" என்றார். வெட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகள் சுருக்கமாக நடந்தன. பறவைகளுக்கு விடுமுறை. பசுவின் தனிமை மதிக்கப்பட்டது. மௌன நேரம் மட்டும் வழக்கத்துக்கு முன்னதாகவே தொடங்கியது.

"சீக்கிரம் தூங்குப்பா, கரடி வந்துடும்," என்று பட்டாணி அவசரப்படுத்தினாள். அப்பா தூங்கினால்தான் போகலாம் என்பது அவள் வைத்திருந்த சட்டம். அவர் கண்ணை மூடினார். அவள் ஓர் இமையைத் தூக்கிப் பார்த்தாள். "தூங்கிட்டியா?" "தூங்கிட்டேன்." "சரி, எந்திரி, போலாம்."

அன்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. வந்ததுதான் தப்பு. கரடி எல்லாரையும் சேர்த்துக்கொண்டு பாலம் கட்டியபோது, "பாத்தியா, கூட்டு முயற்சி! இதுல கவனிக்க வேண்டியது மூணு" என்று ஆரம்பித்தார். தையற்காரம்மா மிஷினை நிறுத்தினார். மிஷினை அவர் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. "சார், அந்த நரி என்ன சொல்லுச்சுன்னு எனக்கும் கேக்கல" என்றார். பட்டாணி அதுவரை பிடித்திருந்த அப்பாவின் முழங்கையை விட்டுவிட்டாள். அவர் கப்சிப் ஆனார். ஆனாலும் நரி பிடிபட்டதும் நேர்மையைப் பற்றி இரண்டு வார்த்தை வந்தே விட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்காலி போட்டாயிற்று. பல் மருத்துவர் குழந்தையை முன்னால் நிறுத்தினார். பயிற்சி அதிகாரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"பட்டாணி, அடுத்த வருஷமும் நாம இங்க வரணுமா, வேணாமா?"

"வரணும்!"

அவர் மூச்சு விட்டார். பாதி விட்டிருப்பார், அதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஏன் வரணும்?"

"கரடி பாக்கறதுக்கு."

வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "கரடியா? இந்தப் பக்கம் கரடியே கெடையாதும்மா! எவனோ கெளப்பி விட்டிருக்கான். இப்படிப் பேச்சு பரவினா அப்புறம் ஒருத்தன் வாடகைக்கு வரமாட்டான்."

"இருக்கு," என்றாள் பட்டாணி. "நீலக் கரடி. ரயில் ஓட்டும். அப்பாகூடப் பாத்தாரு."

வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார். படித்த மனிதர் என்று இதுவரை வைத்திருந்த மரியாதை அந்தப் பார்வையிலேயே படிப்படியாக இறங்கியது.

"அதாவது, இதை எப்படிப் பாக்கணும்னா..." என்று பயிற்சி அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"தையற்காரம்மா வீட்டு டிவியில பாக்கணும்," என்றார் பல் மருத்துவர். "முன்பக்கம் நாய் கட்டியிருக்கும், பின்வாசல் வழியாப் போன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"உனக்குத் தெரியுமா!"

"தெரியாம? நீங்க மரத்தடியில மௌனமா இருக்கீங்க, அவ கரடி பாக்கறா, நான் தூங்கறேன். வாரத்துல எனக்குன்னு இருக்கறது இந்த மத்தியானத் தூக்கம்தான்."

"அப்புறம் எதுக்கு வீடு வேணாம்னு சொன்ன?"

"எங்க சொன்னேன்? பட்டாணியக் கேப்போம்னுதான் சொன்னேன். எனக்குப் பிடிச்சிருக்குன்னு வாயத் தொறந்திருந்தா, அதையும் மேடையில ஒரு பாடமா வெச்சிருப்பீங்க."

வீட்டுக்காரருக்கு விஷயம் மெல்ல விளங்கியது. விளங்கியதும் ஒரு நியாயமான சந்தேகம் எழுந்தது. "கரடிதான் வேணும்னா, உங்க வீட்டுலயே ஒரு டிவி வாங்கி மாட்டிக்கலாமே சார்? எதுக்கு இவ்வளவு தூரம்?"

பயிற்சி அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுல டிவியா? என்ன சார் பேசறீங்க! திரையே இல்லாம வளக்கறோம் நாங்க. அது எங்க கொள்கை." குரலில் துளிக் கலப்படமில்லை. பல் மருத்துவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரிங்க, உங்க கொள்கை உங்களுக்கு. இப்ப வீடு வேணுமா, வேணாமா?"

மூன்று பேரும் பட்டாணியைப் பார்த்தார்கள்.

"வேணும்," என்றாள் அவள். "அப்பாவும் வரணும்."

பயிற்சி அதிகாரி சட்டைப்பையில் கைவிட்டார். கைக்குட்டையைத் தேடினார்.

"ஆனா கரடி வர்றப்ப அப்பா பேசக் கூடாது."

"அதுக்கென்ன கண்ணு, மௌனம்ங்கறது என்னன்னா—"

பட்டாணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயிற்சி அதிகாரி திறந்த வாயை மெதுவாக மூடினார். வீட்டுக்காரர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.