மூன்றாவது வரிசை டிக்கெட்

அம்மாவின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று கையை நிறுத்தினாள். தம்பி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"அங்க நின்னு பாக்காத," என்றாள்.

"நானும் அம்மாவுக்குப் பிள்ளைதானேக்கா."

"அப்பா செத்தப்பவும் பிள்ளையாத்தான் நின்ன."

உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் ஓப்பரா இசைநாடக இயக்குநர் அவன். பேட்டி என்றால் வாய் ஓயாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அப்பாவுக்குக் கடைசியாகப் போட்டுவிட்ட சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தைத்தாள். கத்தரிக்கோலைத் தேடாமல், குனிந்து பல்லாலேயே நூலைக் கடித்தாள். குனிந்த முகம் அப்பாவின் மார்பைவிட்டு எழவே இல்லை. அடுத்த வருடம் அவனுடைய ஓப்பராவில் பாடகி அதேபோலக் குனிந்தாள், நூலைக் கடித்தாள், எழவில்லை. வாத்தியங்கள் அத்தனையும் ஓய்ந்திருக்க, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஏழு நாடுகள், பெரிய விருது. எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஒத்திகையில தானா வந்துச்சு" என்று கூசாமல் சொன்னான். போதாததற்கு, அக்காவுக்கு மூன்றாவது வரிசையில் டிக்கெட் வேறு அனுப்பினான். பார்த்துவிட்டு அவள், "லைட்டெல்லாம் நல்லா இருந்துச்சு" என்றதோடு சரி.

"அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்னு நெனச்சிருந்தேன்," என்றாள் இப்போது. "அதுக்கு டிக்கெட் போட்டுட்ட. இதையாவது விட்டு வைடா."

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அது இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் அவனுக்கு எல்லாமே புகைமூட்டம். அக்காவுக்கும் அது தெரியும். தடவித் தடவிச் சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்து அவள் அழத் தொடங்கினாள். முதலில் வெறும் மூச்சு, பிறகு அடிவயிற்றிலிருந்து தாழ்ந்த ஒரு குரல். அவனுக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது. பாழாய்ப்போன காது விட்டால்தானே. ஒரு விம்மலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மூச்சு என்று அது எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று. மறுபடி மூன்று. அப்புறம் இரண்டு.

கூனிக்குறுகிப் போனான். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டான். தொட்டியில் கிடந்த அம்மாவின் தம்ளர் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.