காற்றாலையின் வரலாற்றில் ஒரு வரி

ஷார்ஜாவில் ரோலா சதுக்கத்தை அடுத்த பழைய பூங்காவில் இரும்புக் காற்றாலை ஒன்று நின்றது. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருமுன் கிணற்று நீரை இறைத்தது அதுதான். 2006இல் அதைப் பழுதுபார்த்து, பக்கத்தில் வரலாற்றுப் பலகை வைக்க முடிவானது. பராமரிப்புக் கம்பெனி மேலாளர் மகேசன், யாழ்ப்பாணத்துக்காரர், பலகைக்காகத் தான் எழுதியதை மெக்கானிக் முத்துராமனிடம் நீட்டினார்.

"வருஷமெல்லாம் சரியோ எண்டு ஒருக்காப் பாரும்."

வருஷங்கள் சரிதான். கடைசி வரிதான் முத்துராமனைச் சுட்டது: 'காவலாளி சங்கிலி பூட்ட மறந்ததால், 2004 புழுதிப்புயலில் சக்கரம் உடைந்தது.'

காவலாளி செய்கு அலாவுதீன் மறக்கவில்லை. அன்று மாலை சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டிவிட்டுத்தான் தொழப் போனார். எண்ணெய் போட வந்த முத்துராமன் அதை அவிழ்த்தான். வேன் டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடிக்க, திரும்பப் பூட்டாமல் அப்படியே ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அரை மணியில் புயல். விசாரணையில் அலாவுதீன், "பூட்டினேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் நின்ற முத்துராமன் வாய் திறக்கவில்லை. இருபது வருஷம் காவல் காத்த மனிதரை விசா ரத்து செய்து சொந்த ஊரான கீழக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சார், சங்கிலியை அவுத்தது நான். பாய் பூட்டித்தான் வச்சிருந்தாரு."

மகேசன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ரெண்டு வருஷமா ஏன் காணும் சொல்லேல்ல?"

"பயம் சார்."

மகேசன் அந்த வரியை அடித்தார். பிறகு மேலிடத்துக்கும் எழுதினார். முத்துராமனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அபுதாபியின் முசஃபா பணிமனைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். அலாவுதீனைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை; வேலைக்கான வயதை அவர் கடந்துவிட்டிருந்தார்.

கிளம்புவதற்கு முன் முத்துராமன் கீழக்கரையில் இருந்த அலாவுதீனுக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

"பாய்?"

"அப்ப நான் பூட்டித்தான் இருக்கேன்."

"ஆமா பாய்."

"எல்லாரும் நீ மறந்துட்டே, மறந்துட்டேன்னாங்க. கடைசியில எனக்கே அப்படித்தான் தோணிப்போச்சு. ஞாபகம் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு வருஷமா மருந்து சாப்பிடுறேன் தம்பி. பேரப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போறதுக்குக்கூட வீட்டுல என்னை விடுறதில்ல."

முத்துராமன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவர் போனைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

"அஸ்மத், என்கிட்ட சொன்னதை இந்தத் தம்பி உன்கிட்டயும் சொல்லட்டும். நல்லாக் கேட்டுக்க."

முத்துராமன் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.